டி20-இல் நம் அணியின் தலைசிறந்த பேட்டிங் எது? மொத்த ரன்னை மட்டும் பார்க்காமல் பேசுவோமா

மேலூர் ஸ்கோரர்

எல்லோருக்கும் வணக்கம். மேலூர், ஒத்தக்கடை, வாடிப்பட்டி பக்கம் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கு இருபது வருடமாக ஸ்கோர் எழுதுகிறேன். என் நோட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, அவன் பெயருக்குப் பக்கத்தில் அந்த நேரத்து போர்டைப் பென்சிலால் சின்னதாகக் குறித்துவிடுவேன். "46க்கு 4, 31 பந்து பாக்கி" என்கிற மாதிரி, அதாவது 46 ரன்னுக்கு 4 விக்கெட் போயிருக்கிறது. பேனாவால் எழுதுவது அவன் எடுத்த ரன். பென்சிலால் எழுதுவது அவன் தலையில் இருந்த சுமை. போட்டி முடிந்து நோட்டைப் புரட்டும்போது எனக்குப் பென்சில் எழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

அதே கணக்கை இந்திய அணியின் டி20 ஆட்டங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஐந்து இவை.

முதலிடம், 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலி 53 பந்தில் ஆட்டமிழக்காமல் எடுத்த 82. அடுத்து 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி, வங்கதேசத்துக்கு எதிராக தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29. மூன்றாவது 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக யுவராஜ் 30 பந்தில் 70. நான்காவது 2016 உலகக் கோப்பையில் மொஹாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கோலி 51 பந்தில் 82. ஐந்தாவது 2024 ஜனவரியில் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ரோகித் 121.

யுவராஜ் என்றதும் அதே உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பிராட் ஓவரில் அடித்த ஆறு சிக்சர்தானே என்பீர்கள். அந்த 16 பந்து 58-ஐ நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். 12 பந்தில் ஐம்பது! ஆனால் அன்று டர்பனில் சேவாக்கும் கம்பீரும் ஆளுக்கொரு அரைசதம் அடித்து 136 ரன் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். யுவராஜ் வரும்போது வீடு கட்டியாகிவிட்டது, அவர் மேல்மாடி எழுப்பினார். மூன்று நாள் கழித்து அதே டர்பனில் அரையிறுதி. 8 ஓவரில் 41க்கு 2. எதிரே பிரெட் லீ இருந்த ஆஸ்திரேலியா. அங்கிருந்து அணியை 188-க்குக் கொண்டுபோன ஆட்டம் அது. என் நோட்டில் 58-ஐ விட 70-க்குத்தான் இடம் மேலே.

உங்கள் பட்டியலைப் போடுங்கள். காரணத்தோடு.

தெப்பக்குளம் தம்பி

அண்ணே, நோட்டுக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை தெரிகிறது. மெல்போர்னில் கோலி உள்ளே போனபோது போர்டு 7க்கு 1. ரோகித் அன்று பெங்களூரில் தொடக்க ஆட்டக்காரர், அவருக்கு 0க்கு 0. உங்கள் பென்சில்படி இரண்டுக்கும் சுமையே இல்லையே? பிறகு எப்படி முதலிடமும் ஐந்தாமிடமும்?

மேலூர் ஸ்கோரர்

சரியான கேள்வி தம்பி. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆள் நிற்கும்போது எதிர்முனையில் விக்கெட் சரிந்தால், நிற்பவன் பெயருக்குப் பக்கத்திலும் புது போர்டைக் குறிப்பேன். பழையதை அடிக்க மாட்டேன், கீழேயே எழுதுவேன். மெல்போர்னில் கோலிக்கு அப்படி எழுதினால் 7க்கு 1, 10க்கு 2, 26க்கு 3, 31க்கு 4. ரோகித்துக்கு 22க்கு 4. ஆகவே கணக்கைத் திருத்திச் சொல்கிறேன். அவன் பார்த்த மிக மோசமான போர்டு எது, அங்கிருந்து அணியை எங்கே கொண்டுபோய் விட்டான், அதுதான்.

மாசி வீதி ஜவுளிக்காரர்

மெல்போர்ன் ஆட்டத்தைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. அது தீபாவளிக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் தீபாவளிக்கு முந்தைய நாள் ஜவுளிக்கடை என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விளக்குத்தூணில் இருந்து தெற்கு மாசி வீதி வரை தலை தலையாகத்தான் தெரியும். நான் வேட்டி செக்‌ஷனில் நின்றேன். மேலே ஒரு சின்ன டிவி. பத்து ஓவர் முடிந்தபோது 45க்கு 4. வாடிக்கையாளர் ஒருவர், "அணைச்சிருங்கப்பா, நல்ல நாளும் அதுவுமா" என்றார். முதலாளி அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

நவாஸ் ஓவரில் 20 ரன் வந்தபோது சத்தம் திரும்ப ஏறியது. கடைசி மூன்று ஓவரில் 48 வேண்டும். பிறகு 8 பந்தில் 28 வேண்டும் என்று ஆனது. ஹாரிஸ் ரவுஃப் பந்து போடுகிறார். சற்று ஷார்ட்டாக விழுந்த பந்து. கோலி பின்காலில் நின்றபடியே பவுலர் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார். வேகப்பந்தை, அந்த உயரத்தில், நேராக! கடையில் ஒரு நொடி யாருக்கும் சத்தம் வரவில்லை. அது எப்படிப் போனது என்று கண்ணுக்குப் புரிந்த பிறகுதான் கத்தினார்கள். அடுத்த பந்து ஃபைன் லெக் பக்கம் சிக்சர். கையில் எட்டு முழ வேட்டியைப் பிரித்துப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன், வாங்க வந்தவரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் 1 பந்துக்கு 2 என்று அஸ்வின் வந்தார். லெக் பக்கம் போன பந்தைத் தொடாமல் விட்டு வைட் வாங்கினார். அவ்வளவு பேர் கத்தும்போது ஒரு பந்தை விட்டுவிட எவ்வளவு தெளிவு வேண்டும்! பிறகு மிட்ஆஃபுக்கு மேலே ஒரு தட்டு. வீதியில் ராத்திரிக்கு வைத்திருந்த வெடியை எல்லாம் சாயங்காலமே வெடித்துவிட்டார்கள்.

82-இல் அந்த இரண்டு சிக்சருக்காக மட்டுமே முதலிடம் கொடுப்பேன்.

தெப்பக்குளம் தம்பி

மெல்போர்னுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அபிஷேக் சர்மா இந்தப் பட்டியலில் இல்லாதது சரியில்லை. 2025 பிப்ரவரி 2, வான்கடே, இங்கிலாந்து. 54 பந்தில் 135, அதில் 13 சிக்சர். 37 பந்தில் சதம். இங்கிலாந்து முழு அணியும் சேர்ந்து எடுத்தது 97. ஒரு ஆள் எடுத்ததை எதிரணிப் பதினோரு பேரால் எட்ட முடியவில்லை. 2017-இல் இந்தூரில் இலங்கையுடன் ரோகித் 43 பந்தில் 118 எடுத்ததும் இதே வகை, 35 பந்தில் சதம்.

மோசமான போர்டு வரவே விடாமல் அடிப்பவனுக்கு உங்கள் நோட்டில் மதிப்பே இல்லையா? தண்ணீர் விடாத காலத்தில் நாங்கள் தெப்பக்குளத்துக்குள் இறங்கித்தான் விளையாடுவோம். மைய மண்டபத்துப் பக்கம் அடித்தால் நான்கு, படிக்கட்டுக்கு மேலே போனால் ஆறு. எங்கள் அணியில் ஒருவன் முதல் ஓவரிலேயே படிக்கட்டைத் தாண்டி அடிப்பான். அவன் அடித்ததும் எதிரணிப் பவுலர்களின் நடையே மாறிவிடும், பந்தை வாங்கவே தயங்குவார்கள். அந்த நெருக்கடியை உண்டாக்குவதும் திறமைதானே அண்ணே.

கோரிப்பாளையம் பயிற்சியாளர்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பவர்பிளே என்கிற முதல் ஆறு ஓவரில் வெளிவட்டத்தில் இரண்டு பேர்தான் நிற்க முடியும். அந்த ஆறு ஓவரில் ஒருவர் விக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அடித்தால் எதிரணி கேப்டன் கடைசி ஓவர்களுக்கு வைத்திருந்த பவுலரை முன்னாடியே கொண்டுவர வேண்டிவரும். அன்று அபிஷேக் 17 பந்தில் ஐம்பதைத் தொட்டார். இங்கிலாந்தின் ஆர்ச்சர், உட் இருவருமே மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போடுபவர்கள். அந்த வேகத்தில் இடம் ஒதுக்கி நின்று கவருக்கு மேலே அடிப்பது காட்டுச் சுற்று இல்லை. முன்கால் எங்கே போகிறது, தலை எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். என்னிடம் படிக்கும் பையன்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

ஆனால் நான் பேச வந்தது வேறு ஒன்று. இதுவரை எல்லோரும் ஜெயித்த ஆட்டங்களையே எழுதியிருக்கிறீர்கள். 2022 உலகக் கோப்பையில் பெர்த்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சூர்யகுமார் 40 பந்தில் 68. மெல்போர்ன் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து. பந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் ஏறி வருகிறது. நம் அணி 49க்கு 5. மொத்தம் 133. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆள் எடுத்தது. அவருக்கு அடுத்தபடியாக அதிகம் எடுத்தவர் ரோகித், 15 ரன். மற்றவர்களுக்கு அந்த ஆடுகளத்தில் பேட்டில் படுவதே கஷ்டம், இவர் மட்டும் வேறு ஊரில் ஆடுகிற மாதிரி ஆடினார். எகிறும் பந்தை அடக்கப் பார்க்காமல் அதன் வேகத்தையே வாங்கி விக்கெட்டுக்குப் பின்னால் அனுப்பினார். நம் சிமெண்டுத் தரையில் டென்னிஸ் பந்து எகிறும்போது பையன்கள் செய்வதும் அதுதான்.

தோற்ற ஆட்டம் என்பதால் யாரும் பேசுவதில்லை. 2022-இல் நாட்டிங்காமில் 216-ஐத் துரத்தி 31க்கு 3 என்று ஆனபோது அவர் 55 பந்தில் எடுத்த 117-உம் அப்படித்தான், 17 ரன்னில் தோற்றோம். 2016-இல் லாடர்ஹில்லில் 246-ஐத் துரத்தி ராகுல் 51 பந்தில் 110 எடுத்து நின்றார். கடைசிப் பந்துக்கு 2 வேண்டும், தோனி கேட்ச் ஆனார், ஒரு ரன்னில் போனது. அந்த மூன்றில் பெர்த் 68-க்கு மேல் நான் எதையும் வைக்க மாட்டேன்.

சிந்தாமணி அக்கா

தம்பிகளா, "நம் அணி" என்று தலைப்பில் போட்டுவிட்டு ஆண்கள் ஆட்டத்தை மட்டும் எழுதுகிறீர்கள். 2018 நவம்பர் 9, கயானா, உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், நியூசிலாந்து. ஹர்மன்பிரீத் கவுர் 51 பந்தில் 103. சர்வதேச டி20-இல் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம்.

மேலூர் அண்ணன் நோட்டுப்படியே வருகிறேன். 40க்கு 3. வயிற்றுப் பிடிப்பு வேறு. ஓடி ஓடி ரன் எடுத்தால் உடம்பு தாங்காது என்று அவரே முடிவெடுத்துப் பெரிய அடிக்குப் போனதாக ஆட்டம் முடிந்து சொன்னார். 8 சிக்சர். ஏறி வந்து லாங் ஆனுக்கு மேலே தூக்கிய சிக்சர்கள் இன்னமும் கண்ணில் நிற்கின்றன. மறுமுனையில் ஜெமிமா 59. மொத்தம் 194, ஜெயித்தது 34 ரன்னில்.

என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். பள்ளியில் பெண்களுக்கு எறிபந்து மட்டும்தான். அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகு பேட் வாங்கிக் கொடு என்று கேட்டாள். இன்றைக்கு ஞாயிறு காலையில் பையன்களோடு சேர்ந்து ஆடுகிறாள். 2025 ஜூனில் நாட்டிங்காமில் ஸ்மிருதி மந்தனா 62 பந்தில் 112 எடுத்ததை என்னைவிட அவள்தான் பந்து பந்தாகச் சொல்வாள். ஆனால் இருவருமே முதலில் வைப்பது 103-ஐத்தான்.

மேலூர் ஸ்கோரர்

அக்கா, இது என் தவறுதான். மன்னிக்க வேண்டும். 40க்கு 3-ஐ நோட்டில் எழுதிவிட்டேன். என் பட்டியலில் அதற்கு இடம் உண்டு, எந்த இடம் என்று யோசிக்கிறேன்.

வைகை வடகரை

வயதில் மூத்தவன் என்பதால் ஒரு பழைய ஆட்டத்தை நினைவுபடுத்துகிறேன். 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க் இறுதிப் போட்டி. எல்லோருக்கும் ஜோகிந்தர் சர்மாவின் கடைசி ஓவரும் ஸ்ரீசாந்த் பிடித்த கேட்சும் நினைவிருக்கும். கம்பீர் 54 பந்தில் எடுத்த 75 நினைவிருக்கிறதா? சேவாக் இல்லை, அன்றுதான் முதல் ஆட்டம் ஆடும் யூசுப் பதான் தொடக்கத்துக்கு வந்தார். யுவராஜுக்கு 19 பந்தில் 14-தான் கிடைத்தது. 157 எடுத்தோம், 5 ரன்னில் ஜெயித்தோம். அந்த 75-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 82. ரோகித் கடைசியில் 16 பந்தில் 30 எடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2011 ஐம்பது ஓவர் உலகக் கோப்பை இறுதியில் 97 எடுத்தவரும் கம்பீர்தான். இரண்டு கோப்பையிலும் கடைசிக் காட்சிப் படம் வேறொருவருடையது. அவர் பெயரை நாமாவது எழுதி வைப்போம்.

சேப்பாக்கம் போய் வந்தவன்

2025 ஜனவரி 25, இங்கிலாந்து ஆட்டத்துக்காக வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போனோம், நாலு பேர். 166 இலக்கு. 78க்கு 5 ஆனபோது பக்கத்தில் இருந்த குடும்பம் எழுந்து கிளம்பியது. திலக் வர்மா நின்றார். ஆர்ச்சர் போட்ட 4 ஓவரில் 60 ரன் போனது, அதில் பெரும் பங்கு திலக்குடையது. இடுப்பு உயரத்துக்கு வந்த பந்தை ஒரு சுழற்றுச் சுழற்றி லெக் பக்கம் சிக்சர் அடித்தார் பாருங்கள், பந்து எங்கள் ஸ்டாண்டு பக்கம் வரும்போது நிஜமாகவே சீறிய சத்தம் கேட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசிக் கட்டம். 146க்கு 8. மறுமுனையில் பிஷ்னோய். திலக் நினைத்திருந்தால் எல்லா ரன்னையும் தானே எடுக்கப் பார்த்திருக்கலாம். பிஷ்னோயை நம்பினார். பிஷ்னோய் இரண்டு பவுண்டரி அடித்தார். 55 பந்தில் ஆட்டமிழக்காமல் 72, நாலு பந்து மீதி வைத்து ஜெயித்தோம்.

அதே ஆண்டு செப்டம்பர் 28, துபாய், ஆசியக் கோப்பை இறுதி, பாகிஸ்தானுக்கு எதிராக 147-ஐத் துரத்தி 20க்கு 3. திரும்பவும் திலக், 53 பந்தில் 69. சேப்பாக்கத்தில் பார்த்ததால் அன்று எனக்குப் பயமே வரவில்லை.

மாசி வீதி ஜவுளிக்காரர்

2024 உலகக் கோப்பை இறுதியில் கோலி 59 பந்தில் 76 எடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லையே?

தெப்பக்குளம் தம்பி

அதில் எனக்குக் குழப்பம் இருக்கிறது அண்ணே. ஐம்பதுக்கு 48 பந்து எடுத்தார். அக்சர் 31 பந்தில் 47 அடிக்காவிட்டால் 176 வந்திருக்காது. தென்னாப்பிரிக்கா ஒரு கட்டத்தில் 30 பந்தில் 30 எடுத்தால் போதும் என்று நின்றது. பும்ராவும் ஹர்திக்கும் சூர்யாவின் கேட்சும் காப்பாற்றின.

மேலூர் ஸ்கோரர்

34க்கு 3 தம்பி. அந்த நேரத்தில் நாலாவதும் போயிருந்தால் அக்சர் அப்படிக் கை நீட்டி அடித்திருக்க முடியாது. ஒருவன் முளைக்குச்சி மாதிரி நின்றதால்தான் இன்னொருவன் கயிறு நீளும் வரை ஓடினான். இருந்தாலும் என் ஐந்தில் அது வராது. மொஹாலி 82 வரும். அங்கே 36 பந்தில் 67 வேண்டும் என்று நின்றபோது, கோலியும் தோனியும் முதலில் சிக்சருக்குப் போகவில்லை. ஒரு ரன் வர வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு ஓடினார்கள். ஃபீல்டர்கள் அவசரப்பட ஆரம்பித்த பிறகுதான் ஃபாக்னர் ஓவரில் 19, கோல்டர்-நைல் ஓவரில் நாலு பவுண்டரி. துரத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள நினைக்கும் பையன் அந்த ஆறு ஓவரைப் பத்துத் தடவை பார்க்கலாம்.

கோரிப்பாளையம் பயிற்சியாளர்

கொழும்பில் தினேஷ் கார்த்திக் எடுத்த அந்த 29-ஐப் பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை. நான் எழுதுகிறேன்.

18-ஆவது ஓவரை முஸ்தபிசுர் போட்டார். ஒரு லெக் பை, ஒரு விக்கெட், அவ்வளவுதான். பேட்டில் இருந்து ரன்னே வரவில்லை. 12 பந்தில் 34 வேண்டும். அப்போது வருகிறார் கார்த்திக். ரூபல் போட்ட முதல் பந்து சிக்சர். அடுத்து 4, 6, 0, 2, 4. ஆறு பந்தில் 22. கிரீஸின் உள்ளே ஆழமாக நின்றார், யார்க்கராக விழ வேண்டிய பந்து அவருக்கு அடிக்கிற நீளத்தில் விழுந்தது. ஃபைன் லெக்கும் ஸ்கொயர் லெக்கும் எங்கே நிற்கிறார்கள் என்று பந்து வருவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கடைசி ஓவரில் 12 வேண்டும். கடைசிப் பந்துக்கு 5. சௌம்யா சர்க்கார் ஆஃப் பக்கம் வெளியே போட்டார். கார்த்திக் அடித்தது எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே, தட்டையாக. தூக்கி அடித்த பந்து இல்லை. எல்லைக் கயிற்றைத் தாண்டியதா என்று ஒரு கணம் சந்தேகம் வரும் அளவுக்குத் தாழ்வாகப் போனது. 2006 டிசம்பரில் நம் அணி ஆடிய முதல் டி20-இலேயே ஆட்ட நாயகன் அவர்தான். பன்னிரண்டு வருடம் அணிக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருந்தவர் 8 பந்துக்குத் தயாராக இருந்தார்.

விஜய் சங்கரை அன்று எல்லோரும் திட்டினார்கள். 19 பந்தில் 17, முஸ்தபிசுரிடம் தொடர்ந்து தடவல். ஆனால் கடைசி ஓவரில் கார்த்திக் மறுமுனையில் நிற்கும்போது ஒரு பவுண்டரி அடித்தார், அடுத்த பந்தை உயரே அடித்து அவுட் ஆனார். பந்து காற்றில் இருக்கும்போது இருவரும் குறுக்கே ஓடினார்கள். அதனால்தான் கடைசிப் பந்தை ஆடக் கார்த்திக் வந்தார். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் அந்த சிக்சர் இல்லை.

சிந்தாமணி அக்கா

அந்தக் குறுக்கோட்டத்தை நான் இதுவரை கவனித்ததே இல்லை. இப்போது போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை.

மேலூர் ஸ்கோரர்

மூன்று நாளாக எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். மெல்போர்ன் 82, அதை அசைக்க யாராலும் முடியவில்லை. கொழும்பு 29 இரண்டாவது. கயானா 103 மூன்றாவது. டர்பன் 70 நான்காவது. ஐந்தாவது இடத்தில் மொஹாலியையும் பெர்த்தையும் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் பெர்த் 68-ஐ வைத்திருக்கிறேன். தோற்ற ஆட்டம் ஒன்றை நான் பட்டியலில் வைப்பது இதுதான் முதல் தடவை. ரோகித்தின் 121 போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம்தான். முதல் இரண்டு ஆட்டத்தில் 0, 0 எடுத்துவிட்டு மூன்றாவதில் ரிங்குவோடு நின்று 190 சேர்த்த மனிதர்.

தம்பி, அபிஷேக்கின் 135-க்கு இந்த ஐந்தில் இடம் இல்லை. ஆனால் அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். போர்டு மோசமாகவே விடாதவர்கள் என்று மேலே எழுதி அதையும் இந்தூர் 118-ஐயும் போட்டிருக்கிறேன்.

தெப்பக்குளம் தம்பி

அந்தப் பக்கத்தில் யுவராஜின் ஆறு சிக்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. 2024-இல் செயின்ட் லூசியாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ரோகித் 41 பந்தில் எடுத்த 92-உம் அங்கேதான் வரும். ஸ்டார்க் போட்ட ஒரே ஓவரில் 29.

வைகை வடகரை

கம்பீரின் 75?

மேலூர் ஸ்கோரர்

அதை ஏழாவதாக எழுதியிருக்கிறேன் அய்யா. ஆறாவது மொஹாலி. ஞாயிறு ஒத்தக்கடையில் போட்டி இருக்கிறது, யானைமலை அடிவாரத்து மைதானம். நோட்டைக் கொண்டுவருகிறேன். வந்து பாருங்கள், இடம் மாற்ற வேண்டும் என்றால் நேரில் பேசுவோம்.